‘பான்டோமைம்’ என்று சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்களா?

கடிதம்

இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரம் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகப் படித்தவர். கலியாணம் கட்டி இங்கே வந்தவர். பத்து வயது மகள் பரதநாட்டியம் பழகுகிறாள், சனிக்கிழமைகளில் ஓர் ஆங்கில நடனப் பள்ளிக்கும் போகிறாள். அந்தப் பள்ளி மூலமாக, நகர அரங்கில் நத்தாருக்குப் போடும் ‘அலாவுதீன்’ பான்டோமைமில் ஆடும் சிறுவர் குழுவுக்கு அவள் தெரிவாகியிருக்கிறாள். பான்டோமைம் என்றதும் தாய்க்கு வகுப்பில் படித்த ஊமம்தான் நினைவுக்கு வந்தது. பேச்சில்லாத நடிப்பு, முகபாவம், கைச்சைகை. பரதம் பழகும் பிள்ளைக்கு நல்ல பயிற்சி என்று நினைத்துச் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஒத்திகைத் தாள் கைக்கு வந்தபோதுதான் தலை சுற்றியிருக்கிறது. பாட்டு, பகிடி, கூச்சல், சபையோர் கத்த வேண்டிய வசனங்கள். ஆறடி உயரமுள்ள ஓர் ஆண் நடிகர் அலாவுதீனின் அம்மா. ஓர் இளம்பெண் அலாவுதீன். ஊரில் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய மயான காண்டம் பார்த்து வளர்ந்த மாமனார், “ஆம்பிளை பொம்பிளை உடுப்போட ஆடுற இடத்துக்கு என்ர பேத்தி போகக்கூடாது” என்று ஒரே பிடியாக நிற்கிறார். கணவர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டுகிறார்.

தாய் கேட்பது மூன்று. வேறு ஏதோ பெயரைச் சொல்லி எங்களை ஏமாற்றிவிட்டார்களா? கையெழுத்துப் போட்ட பிறகு பிள்ளையை விலக்கினால் நட்டஈடு கேட்பார்களா? அனுப்புவதென்றால் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன். உங்களை யாரும் ஏமாற்றவில்லை. இந்த நாட்டில் பான்டோமைம் என்று விளம்பரம் போட்டுவிட்டு, மேடையில் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்தால்தான் சனம் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்கும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று சட்டம் பார்க்கும்போது, அந்த இடத்தில் நியாயமான ஓர் ஆள் அதை எப்படி விளங்கிக்கொள்வார் என்றுதான் பார்க்கும். அப்படிப் பார்த்தால் நடனப் பள்ளி சொன்னது சரி.

அதற்காக நீங்கள் நினைத்தது பிழை என்றும் சொல்லமாட்டேன். இதே கடிதம் கோப்பன்ஹேகனிலிருந்து வந்திருந்தால், உங்கள் பக்கம்தான் நியாயம் என்று எழுதியிருப்பேன். ஒரே சொல் ஒரு நாட்டில் வாயை மூடிக்கொண்டும் இன்னொரு நாட்டில் வாயைப் பிளந்துகொண்டும் நிற்கிறது. அதில் என்னைப் போன்ற சட்டத்தரணிகளின் கைவரிசையும் கொஞ்சம் இருப்பதால், இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். மாமாவிடம் கதைக்கும்போதும் உங்களுக்கு உதவும்.

ரோமில் வாயை மூடியிருந்தவர் ஒருவர்தான்

சொல் கிரேக்கம். எல்லாவற்றையும் போலச் செய்து காட்டுபவர் என்று பொருள். முதலில் அது ஆட்டத்தின் பெயராக இருக்கவில்லை, ஆடும் ஆளின் பெயராகத்தான் இருந்தது. கி.மு. 22 அளவில், அகஸ்டஸ் ஆண்ட ரோமாபுரியில், சிலீசியாவிலிருந்து வந்த பைலடீஸ், அலெக்சாந்திரியாவிலிருந்து வந்த பதில்லுஸ் என்ற இருவர் இந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார்கள். முன்னவருக்குச் சோகக் கதைகளில் பேர், பின்னவருக்குச் சிரிப்பில்.

ஓர் ஆள் தனியாக நிற்பார். முகமூடியை மாற்றி மாற்றி, ஒரு புராணக் கதையின் எல்லாப் பாத்திரங்களையும் அவரே ஆடுவார். ஆணும் அவர்தான், பெண்ணும் அவர்தான், தேவரும் அவர்தான். மற்ற நாடக முகமூடிகளில் வாய் அகலத் திறந்திருக்கும், இவருடையதில் மூடியிருக்கும். அதை வைத்து மேடையே நிசப்தம் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்தில் பாட்டுக் குழு கதையைப் பாடிக்கொண்டிருக்கும். குழல் ஊதுவார்கள். காலில் மாட்டிய தட்டுப் பலகையால் தாளம் போடுவார்கள். பாடுவது ஒருவர், அபிநயம் பிடிப்பது இன்னொருவர். உங்கள் மகளின் பரத வகுப்பில் நடப்பதற்கு இது ஊமத்தைவிடக் கிட்ட. (இரண்டுக்கும் உறவு உண்டு என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு செய்தி கிளம்பிவிடக் கூடாது.)

மக்ரோபியஸ் என்ற பழைய ரோம எழுத்தாளர் ஒரு சம்பவம் எழுதிவைத்திருக்கிறார். பைலடீஸின் மாணவன் ஹைலஸ் ஆடிக்கொண்டிருக்கிறான். பாட்டில் ‘மாபெரும் அகமெம்னன்’ என்று வருகிறது. அவன் நுனிக்காலில் எழும்பி உடம்பை நீட்டிக் காட்டுகிறான். சபையில் இருந்த குருவுக்குப் பொறுக்கவில்லை. நீ அவனை நெட்டையாக்குகிறாய், பெரியவனாக்கவில்லை என்று அங்கிருந்தே கத்துகிறார். அப்படியானால் நீயே ஆடிக் காட்டு என்று சனம் அவரைப் பிடித்துக்கொள்கிறது. அதே வரி வந்ததும் அவர் யோசனையில் ஆழ்ந்த மனிதனாக நிற்கிறார், அவ்வளவுதான். பெரிய தலைவனுக்கு எல்லோருக்காகவும் யோசிப்பதைவிட வேறு பெரிய வேலை இல்லை என்பது அவர் எண்ணம். இதை மகளின் நட்டுவாங்க ஆசிரியைக்குச் சொல்லிப் பாருங்கள், ரசிப்பார்.

இந்த ஆட்டக்காரர்களின் ரசிகர்கள் கட்சி கட்டி அடிபட்டார்கள். ஆட்கள் செத்தார்கள். கி.பி. 15 இல் ரோம செனட், செனட்டர்கள் இவர்களுடைய வீட்டுக்குப் போகக்கூடாது, அடுத்த தரத்துப் பிரபுக்கள் வீதியில் இவர்களைச் சூழ்ந்துகொண்டு போகக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அதுவும் போதாமல் கி.பி. 23 இல் நடிகர்களை இத்தாலியை விட்டே துரத்தினார்கள். மாமாவின் கட்சிக்கு அந்தக் காலத்திலேயே ஆள் இருந்திருக்கிறது.

பேச்சுக்குப் பூட்டுப் போட்ட சட்டம்

இங்கிலாந்து மேடையில் இந்தச் சொல் ஓர் ஆட்டத்தின் பெயராக ஒட்டிக்கொண்டதில் ஒருவருடைய ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு. ஜோன் வீவர் என்ற நடன ஆசிரியர் 1717 இல், லண்டன் ட்ரூரி லேன் அரங்கில், ரோமத் தேவர்களான மார்ஸ், வீனஸ் காதல் கதையை வசனமே இல்லாமல் நடனமாகப் போட்டார். பழைய கிரேக்கரும் ரோமரும் செய்த பான்டோமைமைப் பார்த்துச் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போட்டார். எந்த உணர்ச்சிக்கு எந்தச் சைகை என்று விளக்கிச் சிறு புத்தகமும் அச்சடித்தார். வியப்பு என்றால் வலது கையை உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களை மூடியபடி உயர்த்த வேண்டும். பிறகு மணிக்கட்டை ஒரே வீச்சில் சுழற்றி விரல்களை விரிக்க வேண்டும். பொறாமை என்றால் நடுவிரலால் கண்ணைச் சுட்ட வேண்டும். உங்கள் மனதில் இருந்த பான்டோமைமுக்கு இந்த நாட்டில் மிகக் கிட்ட வந்தது அதுதான்.

ஆனால் காசு வேறு பக்கம் போனது. லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கை நடத்திய ஜோன் ரிச், இத்தாலிய முகமூடி நாடகத்திலிருந்து ஹார்லெக்குவின் என்ற குறும்புக்கார வேலைக்காரப் பாத்திரத்தைக் கொண்டுவந்தார். துரத்தல், மாயவித்தை, அடி, விழுகை எல்லாவற்றையும் தேவர்களின் கதைக்கு நடுவே கலந்து கொடுத்தார். சூரியச் சூட்டில் ஒரு பெரிய முட்டை வெடிக்க, அதிலிருந்து ஹார்லெக்குவின் மெல்ல மெல்லப் பொரித்து வெளியே வருவதை அவர் ஒரு சத்தமும் இல்லாமல் நடித்த காட்சிக்கு ஊரெல்லாம் பேச்சு. ஹார்லெக்குவினின் கையில் இரண்டு மெல்லிய பலகைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு தடி இருக்கும். அடித்தால் அடிபட்டவருக்கு நோகாது, சத்தம் மட்டும் பெரிதாக வரும். அதே தடியால் மேடைத் திரையைத் தட்டினால் வீடு காடாக மாறும்.

அப்புறம் 1737 இல் அரங்க அனுமதிச் சட்டம் வந்தது. பிரதமர் வால்போலை நாடகக்காரர்கள் மேடையில் வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்கள், அதற்கு அவர் கொடுத்த பதில் அது. புது நாடகப் பிரதி ஒவ்வொன்றும் மேடையேறுமுன் அரண்மனை அதிகாரியான லோர்ட் சேம்பர்லேனின் மேசைக்குப் போக வேண்டும். காசு வாங்கி வசன நாடகம் போடும் உரிமை லண்டனில் அரச பட்டயம் வைத்திருந்த ட்ரூரி லேனுக்கும் கொவென்ட் கார்டனுக்கும் என்று இறுகியது. மிச்ச அரங்குகள் என்ன செய்யும்? ஆட்டம், பாட்டு, சைகை, கயிற்றில் நடப்பது, குதிரை வித்தை. கதையை விளக்க வசனம் கட்டாயம் வேண்டிய இடத்தில், பாத்திரம் வாயைத் திறக்காது. வசனத்தை எழுதிய ஒரு துணிச்சுருளை விரித்துச் சபைக்குக் காட்டும். தொழில் முறையில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. சட்டத்தின் ஓர் எழுத்தையும் மீறவில்லை, ஆனால் சட்டத்தைப் பார்த்துச் சபையே சிரிக்கிறது.

இதை வைத்துக்கொண்டு, சட்டம்தான் பான்டோமைமை ஊமையாக்கியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது முழு உண்மை இல்லை. ரிச்சிடமே பட்டயம் இருந்தது. விரும்பியிருந்தால் பேசியிருக்கலாம். 1737 க்கு முதலே அவருடைய ஹார்லெக்குவின் பேசவில்லை. ஏற்கனவே பேசாதிருந்த ஆட்டத்தைச் சின்ன அரங்குகளின் சோற்றுக்கு வழியாக்கியதுதான் சட்டம் செய்த வேலை.

பிரான்சிலும் சின்ன அரங்குகளுக்கு வசனத்தடை இருந்தது. அங்கே ஃப்யூனாம்பூல் என்ற அரங்கில் டெப்யூரோ என்ற நடிகர், முகத்தில் வெள்ளை பூசி, தொளதொள சட்டை போட்டு, பியெரோ என்ற பேசாத கோமாளிப் பாத்திரமாகப் பேர் எடுத்தார். பாரிசில் அந்தப் பேசாமை ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. ஊம நடிகர் மார்சல் மார்சோவும், 1947 இல் அவர் உருவாக்கிய பிப் என்ற பாத்திரமும் அந்தப் பரம்பரைதான். உங்கள் பாடப் புத்தகத்து ஊமத்தில் வெள்ளை முகமும் கோடு போட்ட சட்டையும் இருந்திருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியிருக்கும். கோப்பன்ஹேகனின் டிவோலி பூங்காவில் 1874 இல் திறந்த பான்டோமைம் அரங்கு இன்னும் இருக்கிறது. திரைக்குப் பதில் ஒரு பெரிய மயில், தோகையை மடித்துக்கொண்டு கீழே இறங்கும். உள்ளே பியெரோவும் ஹார்லெக்குவினும் பேசாமல் ஆடுவார்கள். விடுமுறைக்கு அந்தப் பக்கம் போனால் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

லண்டனில் கதையை மாற்றியவர் ஜோசப் கிரிமால்டி. 1806 டிசம்பர் 29 அன்று கொவென்ட் கார்டனில் தொடங்கிய ‘மதர் கூஸ்’ பான்டோமைமில் அவர் கோமாளி. அதோடு ஹார்லெக்குவின் பின்னுக்குப் போய்க் கோமாளி முன்னுக்கு வந்துவிட்டார். பிற்காலத்தில் அவர் பாடிய ஒரு பாட்டு, சுட்ட அப்பிள் விற்கும் ஒரு கிழவியைப் பற்றியது. அவளுக்குக் குளிர்கிறது, கொஞ்சம் காசு இருக்கிறது, அதற்கு என்ன வாங்கிக் குடித்தாள் என்ற இடத்தில் நிறுத்திவிடுவார். சபை முழுக்க “ஜின்!” என்று அந்தக் குடிவகையின் பெயரைச் சொல்லிக் கத்தும். உடனே அவர், சீ, வெட்கமில்லையா என்ற முகத்தோடு சபையைக் கண்டிப்பார். உங்களுக்கு வந்த ஒத்திகைத் தாளில் சபையோர் கத்த வேண்டிய இடங்களைக் குறித்திருந்தார்கள் அல்லவா? அந்தப் பழக்கத்தின் பாட்டன்மாரில் இந்த ஜின்னும் ஒருவர்.

1843 இல் புது அரங்கச் சட்டம் பட்டயக்காரரின் தனியுரிமையைத் தூக்கி எறிந்தது. அனுமதி பெற்ற எந்த அரங்கிலும் வசனம் பேசலாம். (பிரதித் தணிக்கை மட்டும் 1968 வரை ஒட்டிக்கொண்டிருந்தது.) பூட்டு உடைந்ததும் சிலேடை, எதுகை மோனை, உள்ளூர் அரசியல், புதுப் பாட்டு எல்லாம் கொட்டத் தொடங்கியது. முன்னால் ஒரு சிறு முகவுரையாக இருந்த தேவதைக் கதை நீண்டு நீண்டு முழு நாடகமானது. பின்னால் வந்த ஹார்லெக்குவின் துரத்தல் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் காணாமலே போனது. பெயரை மாத்திரம் யாரும் மாற்றவில்லை. பேசாமல் ஆடியதற்கு வைத்த பெயரோடு, இந்த நாட்டிலேயே அதிகம் வாயடிக்கும் நாடகம் வருடாவருடம் நடந்துகொண்டிருக்கிறது.

இப்போது உங்கள் ஊர் அரங்கில் நடக்கப்போவதைச் சொல்கிறேன். கெட்டவன் மேடையின் ஒரு பக்கத்தால் வருவான், நல்ல தேவதை மறுபக்கத்தால் வரும். கெட்டவன் வந்தால் சபை ‘பூ’ என்று ஊளையிடும். பேய் பின்னால் வந்து நிற்கும்போது, “உனக்குப் பின்னால நிற்குது!” என்று பிள்ளைகள் கத்துவார்கள். “இல்லையே” என்பார் நடிகர். “ஓம், நிற்குது!” என்று அரங்கமே எழும்பும். முடிவுக்குக் கிட்ட, பாட்டு வரிகள் எழுதிய திரையை இறக்கிவிட்டுச் சபையை இரண்டாகப் பிரித்துப் போட்டிக்குப் பாட வைப்பார்கள். இதற்கு நடுவில்தான் உங்கள் மகளின் குழு வந்து ஆடும். முகபாவத்துக்கு அதிகம் வேலையில்லை. வரிசை பிசகாமல் ஆடுவதும் கடைசி வரிசைவரை தெரியச் சிரிப்பதும்தான் அவர்களிடம் கேட்பது. பரதத்துக்கு இதனால் நேரடிப் பயன் என்று எதிர்பார்த்து அனுப்ப வேண்டாம்.

அலாவுதீனின் அம்மா

மாமாவுக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அலாவுதீனின் தாய்க்கு விடோ ட்வாங்கி என்று பெயர். எச். ஜே. பைரன் 1861 இல் எழுதிய பிரதியோடு வந்த பெயர் அது. ட்வாங்கே என்பது அந்தக் காலத்தில் இங்கே விற்ற ஒரு சீனப் பச்சைத் தேயிலை. உடுப்புத் தோய்த்துக் கொடுத்துப் பிழைக்கும் கைம்பெண். கையில் காசில்லை, வாய் மட்டும் நீளம், மகனென்றால் உயிர். இந்த வகை ‘அம்மா’ வேஷத்துக்கு இன்றைய உருவத்தைக் கொடுத்தவர்களில் டான் லீனோ முதல் ஆள். 1888 இலிருந்து 1903 வரை ட்ரூரி லேன் நத்தார் பான்டோக்களில் ஆடியவர். அந்த அம்மாவை ஓர் ஆண்தான் போட வேண்டும். போடுபவர் ஆண் என்பது கடைசி வரிசைப் பிள்ளைக்கும் தெரிய வேண்டும். தொண்டை கரகரக்கும், சப்பாத்து பெரிதாக இருக்கும், உடுப்பு ஒவ்வொரு காட்சிக்கும் கூடக் கூடக் கோமாளித்தனமாகும்.

மாமாவிடம் ஒன்று கேளுங்கள். விடிய விடிய மயான காண்டம் பார்த்தீர்களே, மகனின் பிணத்தை மடியில் வைத்துக்கொண்டு சந்திரமதியாக அழுதது யார்? எங்கள் இசை நாடகங்களில் ஸ்திரீபார்ட் போட்ட ஆண்களோடு சேர்ந்து ஊரே அழுதிருக்கிறது. யாரும் அதை அசிங்கம் என்று சொல்லவில்லை. வித்தியாசம் என்னவென்றால், எங்கள் ஸ்திரீபார்ட் பெண்ணாகவே தெரிந்தால்தான் நல்ல நடிகன்; இவர்களுடைய அம்மா ஆண் என்று தெரிந்துகொண்டே இருந்தால்தான் பகிடி. பெண் போடும் அலாவுதீன் வேஷம் வேறு சங்கதி. கணுக்கால்கூடத் தெரியக்கூடாது என்றிருந்த விக்டோரியா காலத்தில், இறுக்கமான காலுறையோடு ஒரு நடிகை மேடையில் நிற்பது நல்ல வியாபாரமாக இருந்தது. இப்போது அந்தக் கவர்ச்சி போய், மரபு மட்டும் மிச்சம். பல அரங்குகளில் அலாவுதீனாக ஓர் ஆணே வருகிறார்.

மாமா சொல்வதில் உண்மையே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். இரட்டை அர்த்தப் பகிடிகள் இருக்கும். பிள்ளைகளுக்கு மேலால் பெரியவர்களுக்கு எறிவது என்பார்கள். எவ்வளவு என்பது அரங்குக்கு அரங்கு மாறும். பெரியவர்களுக்கு மட்டும் என்று போடும் பான்டோக்களும் உண்டு. உங்களுக்கு வந்தது குடும்பக் காட்சி என்று நீங்கள் அனுப்பிய துண்டுப்பிரசுரத்திலேயே இருக்கிறது. சந்தேகமென்றால் பிரதியைப் பார்க்கலாமா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன். அலாவுதீன் கதை சீனாவில் நடப்பதாகத்தான் பழைய பிரதிகள் வைத்திருக்கும். ஆசிய மக்களின் பெயர், பேச்சு, முகம் எல்லாவற்றையும் கேலியாக்கிய வழக்கம் அதில் நெடுநாள் இருந்தது. பல அரங்குகள் அதை மாற்றி எழுதிவிட்டன, எல்லா அரங்குகளும் அல்ல. மண்ணிறத் தோலுள்ள பிள்ளையின் தாய் என்ற முறையில், பெண் உடுப்புப் போட்ட ஆணைவிட இதைத்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

கையெழுத்தும் நட்டஈடும்

கையெழுத்துப் போட்டதால் கட்டுப்பட்டுவிட்டோம் என்று பயப்பட வேண்டாம். மேடையேறி ஆடு என்று ஓர் ஆளைக் கட்டாயப்படுத்தி இங்கே எந்த நீதிமன்றமும் உத்தரவு போடாது. பெரியவர்களுக்கே போடாது, பத்து வயதுப் பிள்ளைக்கு எங்கே? பிள்ளைகள் செய்யும் ஒப்பந்தங்களை, மொத்தத்தில் பிள்ளைக்கு நன்மையானவையா என்று பார்த்துத்தான் சட்டம் ஏற்கும். சம்பளம் இல்லாமல் சிறுவர் குழுவில் ஆடும் ஒரு பிள்ளை விலகியதற்காக ஒரு குடும்பத்தின் மேல் வழக்குப் போடுவது நடைமுறையில் நடக்கிற காரியம் இல்லை. நீங்கள் இழக்கக்கூடியது உடுப்புக் கட்டணமும் ஒத்திகைக் கட்டணமும்தான். அவை திரும்பக் கிடைக்குமா என்பது படிவத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் நடனப் பள்ளியோடு வாக்குவாதப்பட வேண்டாம். ஏமாற்றினீர்கள் என்ற வார்த்தையை விடவே வேண்டாம். அது நிற்காது, அடுத்த சனிக்கிழமையும் பிள்ளை அங்கேதான் போக வேண்டும்.

விலகுவதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். ஒத்திகை தொடங்கிய பிறகு விலகினால், சட்டத்தால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆனால் அவளுடைய அணியில் ஆடும் மற்றப் பிள்ளைகளுக்கு வரிசை குழம்பும்.

அனுப்புவதென்றால் கேட்க வேண்டியவை

பெயரைப் பற்றிய சண்டையில் நேரம் போய்விட்டதால், உண்மையில் பிள்ளையைப் பாதிக்கும் விஷயங்கள் உங்கள் கடிதத்தில் ஓரமாகக் கிடக்கின்றன. அவற்றை முன்னுக்கு எடுக்கிறேன்.

அனுமதிப்பத்திரம். டிக்கெட் விற்று நடத்தும் நிகழ்ச்சியில் பாடசாலை வயதுப் பிள்ளை ஆடுவதென்றால், 1963 ஆம் ஆண்டின் பிள்ளைகள், இளையோர் சட்டப்படி, சில விலக்குகள் தவிர, அனுமதி தேவை. பிள்ளைக்குச் சம்பளம் இல்லை என்பதால் மட்டும் அது தேவையில்லாமல் போகாது. நீங்கள் வசிக்கும் இடத்து உள்ளூராட்சி மன்றம்தான் அதைக் கொடுக்கும். விண்ணப்பிக்க வேண்டியது நிகழ்ச்சியை நடத்துபவர், நீங்கள் அல்ல. உங்கள் கையெழுத்து அதில் ஒரு பகுதி. விண்ணப்பித்தாயிற்றா, தனித்தனிப் பத்திரமா, முழுக் குழுவுக்கும் சேர்த்து எடுத்த அனுமதியா என்று எழுத்தில் கேளுங்கள்.

நேரம். இங்கிலாந்தின் 2014 விதிகளின்படி, ஒன்பது வயதைத் தாண்டிய பிள்ளை ஒரு நாளில் அரங்கில் 9½ மணித்தியாலத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அதற்குள் ஆட்டமும் ஒத்திகையும் சேர்ந்து 5 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது. காலை 7 மணிக்கு முதலோ இரவு 11 மணிக்குப் பிறகோ வைத்திருக்கக்கூடாது. ஒரு நாள் முடிந்து அடுத்த நாள் தொடங்க 12 மணித்தியால இடைவெளி வேண்டும். தொடர்ந்து ஆறு நாளுக்கு மேல் இல்லை. பான்டோ பருவத்தில் ஒரே நாளில் இரண்டு மூன்று காட்சிகள் போடுவது சாதாரணம் என்பதால், இரண்டு அல்லது மூன்று சிறுவர் அணிகளை மாற்றி மாற்றி விடுவார்கள். உங்கள் மகள் எந்த அணி, எந்தெந்த நாள் என்ற அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். பாடசாலை நாளில் காட்சி இருந்தால் தலைமையாசிரியரின் சம்மதமும் வேண்டும்.

பொறுப்பாளர். மேடைக்குப் பின்னால் பிள்ளைகளைப் பார்க்க, உள்ளூராட்சி மன்றம் அங்கீகரித்த பொறுப்பாளர் இருக்க வேண்டும். ஒருவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு மேல் கொடுக்க முடியாது. ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு, பெண் பிள்ளைகள் பெண் பிள்ளைகளோடு மட்டும் உடுப்பு மாற்ற வசதி இருக்க வேண்டும். மாமாவின் பயத்துக்கு நேரடியான பதில் இதில்தான் இருக்கிறது. விடோ ட்வாங்கியின் உடுப்பறைக்கும் உங்கள் மகளின் உடுப்பறைக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. படம் எடுப்பது, அதை எங்கே போடுவது என்பதற்கும் தனியாகச் சம்மதம் கேட்பார்கள். விருப்பமில்லை என்றால் மறுக்கலாம்.

இன்னொன்று. மாமா என்ன சொன்னார், கணவர் என்ன சொன்னார், நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தெரிவான அன்று மகள் என்ன சொன்னாள் என்று ஒரு வரியும் இல்லை. அவளிடம் கேளுங்கள். அம்மாவை ஆண் போடுவதும், அலாவுதீனைப் பெண் போடுவதும், சபை கத்துவதும் அவளுக்கு முதலே தெரிந்திருக்கும். இங்கே படிக்கும் பிள்ளைகளைப் பாடசாலையிலிருந்தே பான்டோவுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம்.

அனுமதிக்கான விண்ணப்பம் முதல் காட்சிக்குக் குறைந்தது 21 நாள் முந்தியாவது போக வேண்டும். பிந்தினால் மன்றம் மறுத்துவிடலாம். உங்கள் தாளில் முதல் காட்சி டிசம்பர் முதல் வாரம் என்று இருக்கிறது. ஆகவே ஓமோ இல்லையோ, இந்த மாதம் முடிவதற்குள் நடனப் பள்ளிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சம்மதப் படிவத்தின் பின்பக்கத்தை எனக்கு அனுப்பினால், கட்டணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் பார்த்துச் சொல்கிறேன். நீங்கள் அனுப்பியதில் முன்பக்கம் மட்டும்தான் வந்திருக்கிறது.